முதல் வாய்

ஷூவின் முனையில் பாலிஷ் இன்னும் சரியாக ஏறவில்லை. அவள் துணியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தேய்த்தாள்.

"எதுக்கு இப்ப அதைப் போட்டுத் தேய்ச்சிட்டிருக்கே?" என்றான் அண்ணன். வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அப்பாவைச் சுத்தின பையைப் பிரிக்கவே மாட்டாங்களாம். சட்டையே மாட்ட விடலை, ஷூவா மாட்ட விடப் போறாங்க?"

"தெரியும்."

ஒரு ஷூ முடிந்துவிட்டது. இன்னொன்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்க முடியாது. அதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அப்பா நேற்று மாலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். "போய்ச் சேர்ந்துட்டாரு" என்று எதிர்வீட்டு வார்டரின் மனைவி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், பஸ்ஸை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்ந்துவிட்டவரைப் பற்றிச் சொல்வது போல. இந்தக் காய்ச்சலில் போனவர்களை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதியில்லை. வண்டி குவார்ட்டர்ஸ் வாசலில் கொஞ்சம் நிற்கும். பிறகு ஜெயில் கேட்டில் நிற்கும். அதன்பின் இடுகாடு. கதவை யாரும் திறக்கக் கூடாது. விடியற்காலையில் வெளியூரிலிருந்து வந்து இறங்கிய அண்ணன்தான் இதையெல்லாம் பேசித் தெரிந்துகொண்டான். வந்ததிலிருந்து அவன் உட்காரவே இல்லை.

அம்மா கட்டிலில் இருந்தாள். காலையில் எழுந்து அப்பாவின் யூனிஃபார்ம் சட்டையைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள்தான். பக்கத்தில் யாரோ வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"நல்லா இருந்த மனுசன்," என்றான் அண்ணன். "ஒரு நாள் தலைவலின்னு படுத்தவரில்லை. போன மாசம் ஊசியைப் போட்டாங்க, இந்த மாசம் ஆள் இல்லை. இதை நான் சும்மா விடப் போறதில்லை. சூப்பிரண்டென்ட் வரட்டும், டாக்டர் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்."

அவள் இரண்டாவது ஷூவில் குனிந்துகொண்டாள்.

ஊசி போட்டதால் அப்பா சாகவில்லை என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா ஊசியே போட்டுக்கொள்ளவில்லை.

அப்பா ஜெயிலில் வார்டர். ஆனால் உள்ளே யாரும் அவரை வார்டர் என்று சொல்வதில்லை. அவருக்குப் பெயர் 'மொதவாய்'. அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது ஜெயில் சமையலில் ஏதோ கெட்டுப்போய் ஒரு கொட்டடி முழுக்க வாந்தியெடுத்தது. ஒருவர் இறந்தும் போனார். அடுத்த வேளை யாரும் தட்டை நீட்டவில்லை. அதிகாரிகள் மிரட்டினார்கள், கெஞ்சினார்கள். நடக்கவில்லை. கடைசியில் அப்பா போய் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சோற்றை எடுத்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மென்று விழுங்கினார். விழுங்கிவிட்டு அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டு நீண்டது. அன்றிலிருந்து அவர் டியூட்டியில் இருக்கிற ஒவ்வொரு வேளையும் முதல் வாய் அவருடையது. வாய்க்கு விளங்காத சாப்பாட்டைத் தினமும் விழுங்குவதற்கு அரசாங்கம் தனக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஜெயில் மதில். சாப்பாட்டு மணி இங்கே நன்றாகக் கேட்கும். மணி அடிக்கும். பிறகு ஒரு இடைவெளி. அப்புறம்தான் தட்டுச் சத்தம் கிளம்பும். அந்த இடைவெளியில் அப்பா மென்றுகொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டிலேயே தையல் மெஷின் போட்ட பிறகு அந்த இடைவெளியில் அவள் கால் பெடலில் தானாக நின்றுவிடும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அப்பா சட்டையைக் கழற்றி அவளுடைய மெஷின்மேல் போட்டார்.

"ரெண்டு பக்கமும் விட்டுடுச்சு, பாரு."

கைக்குழித் தையல், தோளோடு கை சேரும் இடம், இரண்டு பக்கமும் பிரிந்திருந்தது. அவருக்குச் சட்டை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். கொஞ்சம் தளர்த்தித் தைத்துக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"என்னப்பா, யாரோடயாவது மல்லுக்கு நின்னீங்களா?"

"மல்லுதான். இன்னைக்கு உள்ள காய்ச்சல் தடுப்பூசி போட்டாங்கல்ல? ஒருத்தனும் கிட்ட வர மாட்டேன்னுட்டான். மொதவாய் போட்டுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்னு உட்கார்ந்துட்டாங்க."

"போட்டுக்கிட்டீங்களா?"

அப்பா எட்டி அடுக்களையைப் பார்த்தார். அம்மா அங்கே இல்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டார். பையன்கள் பள்ளிக்கூடத்தில் செய்த குறும்பைச் சொல்வது போன்ற முகம்.

"கிழக்குக் கொட்டடியில நர்சம்மா இருந்தாங்க. நான் போய் உட்கார்ந்து, 'அந்தப் பக்கம் டாக்டர் எனக்குப் போட்டுட்டாரும்மா, இவங்களுக்காக மூடியைக் கழட்டாம சும்மா அழுத்துங்க'ன்னு காதுல சொன்னேன். அழுத்தினாங்க. அப்புறம் மேற்கே போனேன். டாக்டர்கிட்ட, 'நர்சம்மா போட்டுட்டாங்க சார், சும்மா காட்டுங்க'ன்னேன். அவரும் காட்டிட்டாரு. ரெண்டு கொட்டடியும் வரிசையில வந்து நின்னுடுச்சு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அது சரி, ஏன் ரெண்டு பக்கமும் கிழிஞ்சிருக்கு?"

"கிழக்குல இடது கை, மேற்குல வலது கை. ஒரே கையை ரெண்டு தடவை பொய் சொல்ல வைக்கச் சங்கடமா இருந்துச்சு."

அதற்கும் அவள் சிரித்தாள். அவருக்கு ஊசி என்றால் ஆகாது. அவள் மெஷினில் ஊசி மாற்றும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். "நாளைக்குப் போய் நிஜமாப் போட்டுக்கறேன், அம்மாகிட்ட சொல்லிடாதே," என்றார். மறுநாள் யாரையோ கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் டியூட்டி. அதற்கு மறுநாள் ஊசிப்பெட்டி திரும்பிப் போய்விட்டது. அடுத்த தவணைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஜெயிலுக்கு உள்ளிருந்து வந்த ஒரு ஆள் கிடந்தான். ஒரு கையைக் கட்டில் கம்பியோடு விலங்கு போட்டிருந்தார்கள். ஊசி போட்ட அன்று அவன் கோர்ட்டுக்குப் போயிருந்தானாம். எண்ணெய் போடாத மெஷின் மாதிரி மூச்சு விட்டான். அப்பாவின் மூச்சும் அப்படித்தான் இருந்தது. இரண்டில் எது யாருடையது என்று சில சமயம் அவளுக்குத் தெரியவில்லை. நேற்று மத்தியானம் அப்பா முகத்திலிருந்த குழாயை விலக்கிக்கொண்டு அவளைக் கிட்டே கூப்பிட்டார்.

"உள்ள இருக்கறவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"சரிப்பா," என்றாள்.

அவர் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

ஷூ இரண்டும் பளபளத்தன. அவள் அவற்றை வாசலோரம் ஜோடியாக வைத்தாள். நிமிர்ந்தபோது படியில் ஜெயிலரும் நர்சம்மாவும் நின்றிருந்தார்கள். ஜெயிலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"வாங்க," என்றான் அண்ணன். "உங்களைத்தான் பார்த்துட்டிருந்தேன். என்னத்தைப் போட்டீங்க எங்கப்பாவுக்கு?"

நர்சம்மா அண்ணனைத் தாண்டி வந்து அவளிடம் நின்றாள். அந்தம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"உன்கிட்டதான் கேக்கணும்மா. ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சா? கை வீங்குச்சா? மூச்சு கீச்சு வாங்குச்சா? யோசிச்சுச் சொல்லு."

"ஏன்?"

"இன்னைக்கு ரெண்டாவது தவணை. பெட்டி வந்து இறங்கியாச்சு. ஒருத்தர்கூட வரலை. 'போட்டுக்கிட்ட மொதவாயே போயிட்டாரு, அடுத்தது நாங்கதான்'னு உட்கார்ந்திருக்காங்க. ராத்திரியெல்லாம் பாதிப் பேர் தூங்கலை. ஏற்கெனவே உடம்புல ஏறிடுச்சே, அதை எப்படி வெளிய எடுக்கறதுன்னு ஒருத்தன் கையைப் பிளேடால கீறிக்கிட்டான். வார்டருங்களும் நழுவுறாங்க. கிழக்குல புதுசா ரெண்டு பேருக்குக் காய்ச்சல்." நர்சம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான்தான் மொதவாயைக் கொன்னுட்டேன்னு பேசிக்கிறாங்க. அதுகூடப் பரவாயில்லை. ஒரே கூரைக்குக் கீழ பாய்க்குப் பாய் இடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காங்க. பரவுச்சுன்னா நிக்காது."

விலங்கு கம்பியில் உரசும் சத்தம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"கை வீங்கலை," என்றாள்.

"காய்ச்சல்?"

"வரலை. அப்பா ஊசி போட்டுக்கலை."

"டாக்டர் போட்டாரும்மா. அப்பாவே என்கிட்ட சொன்னாரு."

"டாக்டர்கிட்ட நீங்க போட்டதா சொல்லியிருக்காரு."

நர்சம்மா சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். ஜெயிலர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வீட்டில் குக்கர் விசிலடித்தது. அண்ணன்தான் முதலில் பேசினான்.

"என்ன உளர்றே?"

அவள் சட்டை கிழிந்த கதையைச் சொன்னாள். எங்கே சிரித்தாளோ அந்த இடத்தையும் சேர்த்துச் சொன்னாள். குரல் ஏறவோ இறங்கவோ இல்லை. சட்டை அளவு சொல்வது போலத்தான் வந்தது.

"இதை நான் மைக்ல அறிவிச்சிடறேன்," என்றார் ஜெயிலர்.

"ஐயோ சார்," என்றாள் நர்சம்மா. "நீங்க சொன்னா, செத்தவர்மேல பழியைப் போடறாங்கன்னு இன்னும் முறுக்கிக்குவாங்க. இந்தப் பொண்ணு சொன்னாத்தான் எடுபடும்."

"யாரும் எங்கயும் போய் எதுவும் சொல்லப் போறதில்லை," என்றான் அண்ணன். "அவர் வாயை நம்பித்தான் உள்ள அத்தனை பேரும் சோறு தின்னாங்க. அது ஒண்ணுதான் அந்த மனுசன் சம்பாதிச்சது. இன்னும் மண்ணுகூடப் போடலை. அதுக்குள்ள பெத்த பொண்ணே போய், எங்கப்பா பொய்யருன்னு சொல்லணுமா?"

"உள்ள தெரிய வேண்டாம்னு அப்பாவும் சொன்னாரு," என்றாள் அவள்.

"கேட்டுக்கங்க!"

கட்டில் கிரீச்சிட்டது. அம்மா எழுந்து நிலைப்படிக்கு வந்திருந்தாள். அவள் காலையிலிருந்து பேசவில்லை என்பது அவள் பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது.

"இவன் பொறந்தப்ப எனக்கு ஊசி போட வந்தாங்க," என்றாள், அண்ணனைக் காட்டி. "நான் நல்லாத்தான் இருந்தேன். உங்கப்பா மயங்கி விழுந்துட்டாரு. எனக்கு வெச்சிருந்த கட்டில்ல அவரைப் படுக்க வெச்சிட்டு, என்னை பெஞ்சுல உட்கார வெச்சாங்க."

நர்சம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அதை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"தெரிய வேண்டாம்னு உன்கிட்டயா சொன்னாரு?" அம்மா அவளைக் கேட்டாள்.

"ஆமாம்மா."

"எங்கிட்ட சொல்லலை." அம்மா அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள். "உன்கிட்ட சொன்னதை நீதான் பார்த்துக்கணும்."

தெருவில் வண்டி வரும் சத்தம் கேட்டது.

அது சின்ன வெள்ளை வண்டி. டிரைவர் தலை முதல் கால்வரை பிளாஸ்டிக் உடுப்பில் இருந்தார். அவர் ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. இறங்கவில்லை. அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். அம்மா போய் வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். தகரம் வெயிலில் கொதித்திருக்க வேண்டும். கையை எடுத்து, ஊதிக்கொண்டு, மறுபடி வைத்தாள். அண்ணன் தலையை வண்டியில் சாய்த்து நின்றான். அவன் தோள் குலுங்கியது. அவளுக்கு அழுகை வரவில்லை. வண்டியின் பின்கதவுக் கைப்பிடியில் யாரோ கட்டியிருந்த துணிக்கயிறு எந்த முடிச்சு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாதாரண முடிச்சுதான். இழுத்தால் வந்துவிடும்.

டிரைவர் லேசாக ஹாரன் அடித்தார். வண்டி நகர்ந்தது. அம்மாவை எதிர்வீட்டம்மா பிடித்துக்கொண்டாள். அவளும் அண்ணனும் பின்னால் நடந்தார்கள். ஜெயில் கேட் தெருக்கோடியில்தான்.

கேட்டுக்கு முன்னால் வார்டர்கள் வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். ஜெயிலர் அவளைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். அவள் பெரிய கதவின் நடுவிலிருந்த சின்னக் கதவுக்குக் குனிந்து உள்ளே போனாள். அண்ணன் அவள் கையைப் பிடிக்க வந்தவன், பிடிக்காமல் நின்றுவிட்டான்.

முதல் கேட்டுக்கும் இரண்டாவது கேட்டுக்கும் நடுவில் ஒரு இருட்டான கூடம். அதற்கு அப்பால் அவள் போனதே இல்லை. இரண்டாவது கேட் கம்பிக்கதவு. கம்பிக்கு அந்தப் பக்கம் வெயிலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மொதவாய்க்குக் கடைசி மரியாதை செய்ய வேண்டுமென்று கேட்டு வந்தவர்கள். இடதுபக்கம் கிழக்குக் கொட்டடி, வலதுபக்கம் மேற்கு. நடுவில் ஒரு வார்டர் லத்தியோடு. இரண்டு கொட்டடிக்கும் முற்றம் வேறு, குளியல் வேறு. ஒன்றாக நிற்பது இன்றைக்குத்தான்.

முன்னால் நின்ற பருத்த ஆள் முகத்துணியைச் சரிசெய்துகொண்டார். ஜெயில் சமையல் அவர் பொறுப்பு. அவரை 'அண்டா' என்பார்கள். அப்பா சொல்லியிருக்கிறார்.

"நீதானா தையல்காரப் பாப்பா?" என்றார் அண்டா. "உங்கப்பா சட்டையைப் பார்த்தே உன்னை எங்களுக்குத் தெரியும். தையல் ரெண்டு விட்டா, பொண்ணைத் திட்டிக்கிட்டே வருவாரு."

அவள் தலையாட்டினாள். இத்தனை ஆண்களுக்கு முன்னால் அவள் நின்றதில்லை.

"எங்கப்பா ஊசி போட்டுக்கலை," என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. அண்டாவுக்கு மட்டும் கேட்டது.

"என்ன சொன்னே?"

"அப்பா ஊசி போட்டுக்கலை. உங்க முன்னாடி சும்மா காட்டினாரு. மூடி கழட்டலை. ஊசி போட்டதால சாகலை. போடாமத்தான் காய்ச்சல் பிடிச்சுது."

இப்போது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. யாரோ காறித் துப்பினார்கள். "அடேங்கப்பா, நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க," என்று மேற்கிலிருந்து ஒரு குரல். "ஜெயிலரய்யா, வேற யாரும் கிடைக்கலையா உங்களுக்கு? செத்த வீட்டுப் பொண்ணுதான் கிடைச்சுதா?"

ஜெயிலர் அவளுக்குப் பின்னால் அசையாமல் நின்றார்.

"உங்களுக்கு எந்தக் கையைக் காட்டினாரு?" என்று அவள் அண்டாவைக் கேட்டாள்.

"எந்தக் கையா?" அண்டா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "இடது கை. நான் பக்கத்துலதான் நின்னேன். சட்டை டர்ருன்னு கிழிஞ்சுது. சிரிச்சோம்."

"ஆமா, இடது," என்றார்கள் கிழக்கில்.

"யோவ், வலது கைய்யா," என்றது மேற்கு. "எங்களுக்கும்தான் கிழிஞ்சுது."

"கண்ணைக் காக்கா கொத்திடுச்சா? இடது."

"போய்யா. வலது. நான் டாக்டர் பக்கத்துல பஞ்சு பிடிச்சிட்டு நின்னவன். எனக்குத் தெரியாதா?"

இரண்டு பக்கமும் கையை உயர்த்திக் காட்டிச் சத்தம் போட்டார்கள். லத்தி வைத்திருந்த வார்டர் கம்பியைத் தட்டினார். அவர் தட்டியதால் அல்ல, அது தானாகவே அடங்கியது. ஒருவர் விட்டு ஒருவராகக் கையைக் கீழே போட்டார்கள். ஒரு தவணைக்கு ஒரு ஆளுக்கு ஒரு ஊசிதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டு பக்கத்தையும்..." என்றார் அண்டா. முடிக்கவில்லை.

மேற்கில் பின்வரிசையிலிருந்து ஒரு ஒல்லியான ஆள் முன்னால் வந்தான். "அப்ப சோறு?" என்றான்.

பக்கத்தில் நின்றவர்கள் அவனுக்கு வழிவிட்டு விலகினார்கள்.

"இல்லை, கேக்கறேன். ஊசியையே நடிச்சவரு, சோத்தை மட்டும் முழுங்கியிருப்பாரா? வாயில போட்டு, அந்தப் பக்கம் திரும்பித் துப்பியிருந்தா? இத்தனை வருஷம்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். முழுங்கினார் என்று சொல்லலாம். யாரும் மறுக்க முடியாது. அவள் வாய்வரை அந்தச் சொல் வந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மணியையும் இடைவெளியையும் தட்டுச் சத்தத்தையும்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

"தெரியலை," என்றாள். "நான் பார்த்ததில்லை."

அண்டா அவளை நெடுநேரம் பார்த்தார். அப்புறம் பின்னால் திரும்பாமலே சொன்னார்.

"இந்தப் பொண்ணு பொய் சொல்லலைப்பா. சொல்லிக் குடுத்ததா இருந்தா இதுக்கும் ஒரு பதில் சொல்லிக் குடுத்திருப்பாங்க."

ஒல்லி ஆள் கீழே உட்கார்ந்துகொண்டான். பக்கத்தில் ஒருவர் சட்டைக்கையைத் தூக்கி, முதல் ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. யார் என்று தெரியவில்லை.

"ஜெயிலரய்யா," என்றார் அண்டா. "நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

"எனக்கு முதல் தவணை போட்டாச்சு."

"அதைத்தான் அவரும் சொன்னாரு."

கிழக்கும் மேற்கும் சேர்ந்து சிரித்தன. நல்ல சிரிப்பில்லை. ஜெயிலரின் காது சிவந்தது.

"கோவிச்சுக்காதீங்க சார். ரெண்டாவது பாக்கி இருக்குல்ல? இங்கயே போட்டுக்கங்க. எங்க கண்ணெதிர. மூடியைக் கழட்டணும். ஊசி ஏறணும். அப்புறம் அந்தப் பஞ்சைக் காட்டணும். ரத்தம் ஒரு பொட்டாவது இருக்கணும்."

ஜெயிலர் நர்சம்மாவைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கூடத்திலிருந்த ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றத் தொடங்கினார். அது இறுக்கமாக இருந்தது, வரவில்லை. நர்சம்மா ஐஸ்பெட்டியின் தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தாள்.

வெளியே ஹாரன் அடித்தது. அவள் சின்னக் கதவில் குனிந்து வெளியே போனாள்.

இடுகாட்டில் அவர்களைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பிளாஸ்டிக் உடுப்புக்காரர்கள் பையின் பட்டைகளைப் பிடித்து இறக்கினார்கள். அவர்கள் அவசரப்படவில்லை, பையை ஒரு முறைகூட இடிக்கவில்லை. மண் விழும் சத்தம் இவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை. ஒருவர் குனிந்து நிமிர்வது மட்டும் தெரிந்தது. பக்கத்திலேயே இன்னும் சில குழிகள் தோண்டி வைத்திருந்தார்கள்.

அண்ணன் வழியெல்லாம் அவளிடம் பேசவில்லை. இப்போது பேசினான்.

"எங்கிட்டயும் போன்ல சொன்னாரு. எறும்பு கடிச்ச மாதிரிதான்டா இருந்துச்சு, பயப்படாம போட்டுக்கோன்னு."

அவள் அவனைப் பார்த்தாள்.

"மறுநாளே போய்ப் போட்டுக்கிட்டேன்," என்றான். காலால் ஒரு கல்லைத் தள்ளினான். "வலிச்சுது."

வீட்டுக்கு வந்து குளித்தார்கள். யாரோ சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணன் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுத் தரையிலேயே தூங்கிப்போனான். அம்மா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில், "சட்டை காஞ்சிருக்கும்," என்றாள், திரும்பாமல்.

அவள் மாடிக்குப் போனாள்.

சட்டை காய்ந்து விறைத்திருந்தது. கிளிப்பை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு ஒரு தோளை விடுவித்தாள். இடது கைக்குழியில் அவள் போட்ட தையல் சட்டையின் நிறத்திலேயே இருந்தது. வலதுபக்கம் தைக்கும்போது அந்த நூல் தீர்ந்து வேறு நூல் போட்டிருந்தாள். கிட்டே வந்து பார்த்தால்தான் தெரியும்.

மாடியிலிருந்து பார்த்தால் மதிலுக்கு மேலே கிழக்குக் கொட்டடி முற்றத்தில் ஒரு பட்டை மட்டும் தெரியும். கொட்டடிகளைப் பூட்டும் லாக்கப்புக்கு முந்தைய நேரம். ஆட்கள் அந்தப் பட்டைக்குள் நடந்து வந்து, மறைந்து, மறுபடி வந்தார்கள். ஒருவர் ஒரு பக்கத்துச் சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டியிருந்தார். பின்னால் வந்தவரும் அப்படியே. அதற்குப் பின்னால் வந்தவர் மறுகையால் மேல்கையில் எதையோ அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். சுவரோரம் நின்றதும் அதை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவரும் குனிந்து பார்த்தார். இவ்வளவு தூரத்துக்கு அது வெறும் வெள்ளைப் புள்ளி.

சாப்பாட்டு மணி அடித்தது.

முற்றம் காலியானது. அவள் கிளிப்பை வாயில் வைத்தபடி நின்றாள். சட்டையின் இன்னொரு தோள் கயிற்றில் தொங்கியது. காற்று அதன் ஒரு கையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கீழே யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். எதிர்வீட்டு வார்டர் இருமினார். மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

எப்போதையும்விட நேரமானது.

அப்புறம் ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு, தரையில் உரசும் சத்தம் கேட்டது.

அவள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துக் கயிற்றில் மாட்டினாள்.